பிறம்ரனுக்குப் போன கதை

வழி தெரியாதவர்கள் தொலைந்துபோவதில்லை. சந்திக்குச் சந்தி காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, நாலு பேரைக் கேட்டு, கொஞ்சம் பிந்தியாவது போய்ச் சேர்ந்துவிடுவார்கள். தொலைந்துபோவது வழி தெரிந்தவர்கள்தான். அதிலும் கையில் போனும், மனம் நிறையத் தன்னம்பிக்கையும், பக்கத்து இருக்கையில் மரியாதைக்குரிய ஒரு விருந்தாளியும் சேர்ந்துவிட்டால் கடவுளாலும் அவர்களைக் காப்பாற்ற முடியாது.

எனக்கு அந்த மூன்றும் ஒரே நாளில் வாய்த்தன.

அப்போது நான் ஊடகப் படிப்பை முடித்துவிட்டு ரொறன்ரோவின் ஸ்காபரோவில் அம்மா வீட்டு பேஸ்மென்ற்றில் குடியிருந்தேன். என்னை நான் ஆவணப்பட இயக்குநர் என்று அழைத்துக்கொண்டேன். அம்மா என்னை 'வேலை தேடுற பிள்ளை' என்று அழைத்தார். அதுவரை நான் எடுத்திருந்த படம் ஒன்றே ஒன்று. எங்கள் தெருவில் குப்பைத் தொட்டிகளைக் கிளறும் ரக்கூன்களைப் பற்றியது. (ரக்கூன்கள் நன்றாகவே செய்திருந்தன. ஒளிப்பதிவுதான் சரியில்லை.)

இந்த நிலையில்தான் ஹெலனுக்கு ரொறன்ரோவில் ஓர் உதவியாள் தேவைப்படுவதாகக் கேள்விப்பட்டேன். கார் ஓட்ட வேண்டும், தமிழில் மொழிபெயர்க்க வேண்டும், ஒலிவாங்கியைப் பிடிக்க வேண்டும். ஹெலன் பிரித்தானியத் தொலைக்காட்சிச் செய்தியாளர். இங்கிலாந்தின் வடக்கே ஓர் ஊர்த் தொலைக்காட்சியில் வெள்ளம் வந்த வீதிகளையும் காணாமல்போன நாய்களையும் பற்றிச் செய்தி சொல்லத் தொடங்கி, பிறகு உலகத்தில் எங்கெல்லாம் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்களோ அங்கெல்லாம் எதிர்த்திசையில் போனவர். ஒரு அமைச்சர் அவருடைய கேள்விக்குப் பதில் சொல்லாமல் சட்டையில் குத்தியிருந்த மைக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து போனதை, நான் படிக்கும்போது வகுப்பில் போட்டுக் காட்டியிருந்தார்கள். ஆகவே அவருடைய காருக்கு டிரைவராக இருப்பது எனக்கு மந்திரிப் பதவி மாதிரி.

அவர் அப்போது தன் கடைசிப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். தொழில் தொடங்கிய காலத்தில் படம்பிடித்த மனிதர்களைத் தேடிப் போய், அவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் படம். அதில் கடைசி ஆள் குணம் அங்கிள். பல வருடங்களுக்கு முன் லண்டன் விமான நிலையத்தில் அகதியாக வந்து இறங்கி, யாரோ கொடுத்த பெரிய கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டு நின்ற ஒல்லிப் பொடியன். இளம் செய்தியாளராக இருந்த ஹெலன் அவரைப் படமெடுத்தார். அந்தத் துண்டுப் படம்தான் ஹெலனை ஊர்த் தொலைக்காட்சியிலிருந்து வெளியே கொண்டுவந்தது. பிறகு கனடாவுக்கு வந்த குணம் அங்கிள், இணையத்தில் தற்செயலாகத் தன்னைத் தானே கண்டு ஹெலனுக்கு மின்னஞ்சல் எழுதினார். மகள் அபிராமிக்குக் கல்யாணம், வந்தால் சந்தோஷம் என்றார். அந்தக் கல்யாணத்தோடு படத்தை முடிப்பது என்று ஹெலன் தீர்மானித்தார். இருவரும் மின்னஞ்சலில் மட்டுமே பேசியிருந்தார்கள். நானும் குணம் அங்கிளோடு போனில் மட்டுமே பேசியிருந்தேன்.

ஹெலன் கல்யாணத்துக்கு முதலே வந்து எல்லோரையும் சந்திப்பதாகத்தான் ஏற்பாடு. லண்டனில் பனிமூட்டம். விமானம் பிந்திப் பிந்திக் கடைசியில் கல்யாண நாள் காலையில்தான் வந்து இறங்கினார். நரைத்த கட்டைத் தலைமயிர், கசங்கிய நீலச் சட்டை, தோளில் கமெராப் பை. நான் தம்பியின் காரோடு காத்திருந்தேன். அழைப்பிதழை வீட்டு மேசையில் விட்டுவிட்டு வந்திருந்தேன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பரவாயில்லை, மண்டபத்தின் பெயர் தெரியும். போனில் பெயரைத் தட்டினேன். அது உடனே வழியைக் காட்டியது. மிகவும் கிட்டத்தில், ரொறன்ரோவுக்கு மேற்கே பிறம்ரனில்.

"கிழக்குப் பக்கம் என்று குணம் எழுதியதாக ஞாபகம்," என்றார் ஹெலன் ஆங்கிலத்தில்.

"நான் இந்த ஊர்," என்றேன்.

(அந்தப் பெயரில் இரண்டு மண்டபங்கள் உண்டு, ஒன்று கிழக்கே மார்க்கம் என்ற ஊரில், மற்றது பிறம்ரனில். விமான நிலையத்தில் நின்று கேட்டால் போன் கிட்டத்தில் இருப்பதைத்தானே காட்டும்? போனில் ஒரு பிழையும் இல்லை.)

போகும் வழியில் அவருடைய தொழில் ரகசியத்தைக் கேட்டேன். "கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்," என்றார். "பதில் முடிந்த பிறகும் மூடிக்கொண்டே இரு. மனிதர்களால் அந்த அமைதியைத் தாங்க முடியாது. அதை நிரப்புவதற்குக் கடைசியில் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்." நான் பக்தியோடு தலையாட்டினேன். ஆட்டிய வேகத்தில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டேன்.

மண்டப வாசலில் பூ வைத்த பலகை நின்றது. அதில் 'அபி' என்று அழகாக எழுதியிருந்தது. அபிராமிதானே அபி? (அபிநயா, அபிலாஷா, அபிதா என்றெல்லாம் பெண்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதை நான் அன்று பரிசீலனை செய்யவில்லை.)

நாங்கள் காலடி வைக்க முதலே பட்டு வேட்டியும் வழுக்கைத் தலையும் வியர்வையுமாக ஒருவர் ஓடிவந்தார். பெண்ணின் தகப்பன் என்பது அந்த ஓட்டத்திலேயே தெரிந்தது.

"இப்பவோ பிள்ளை வாறியள்? மாப்பிளை வந்து மணவறையிலை இருந்தும் ஆச்சு! கெதியா வாங்கோ, கெதியா!"

"சொறி அங்கிள், ஃப்ளைற் லேற்," என்றேன்.

இங்கே நம் மொழியின் ஒரு வசதியைச் சொல்ல வேண்டும். வேறு மொழிக்காரர் யாரையாவது சந்தித்தால் பெயரைச் சொல்லிக் கைகொடுப்பார்கள். நமக்கு அந்தக் கரைச்சலே இல்லை. 'அங்கிள்' என்ற ஒரு சொல்லோடு பிறந்தநாள் முதல் செத்தவீடு வரைக்கும் சமாளிக்கலாம். அன்று மத்தியானம் வரை நான் அவருடைய பெயரைக் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

ஹெலன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. "காலம் ஒரு மனிதனை எவ்வளவு மாற்றிவிடுகிறது!" என்று மெல்லச் சொன்னார். (பாவம், காலம். செய்யாத குற்றத்துக்குப் பழி ஏற்றது.) பிறகு என்னிடம், "என்னை ஞாபகம் இருக்கிறதா என்று கேள்," என்றார்.

"அங்கிள், இவவை ஞாபகம் இருக்கோ? லண்டனிலையிருந்து வந்திருக்கிறா."

அவர் ஹெலனை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்தது. "லண்டனிலையிருந்தோ? ஓம் ஓம், எல்லாம் ஞாபகம் இருக்கு. முதல்ல மணவறைக்குப் போங்கோ!" என்றவர், திரும்பி மனைவியைப் பார்த்துக் கத்தினார். "இஞ்சை பாருமப்பா, உம்மட மோன் வீடியோவுக்கு லண்டனிலையிருந்து வெள்ளைக்காரியைப் பிடிச்சிருக்கிறான்!"

அந்தக் கடைசி வசனம் நாதஸ்வரத்தில் அமுங்கி எனக்கு விளங்கவில்லை. மண்டபம் முழுவதற்கும் விளங்கிவிட்டது.

ஹெலன் வேலையைத் தொடங்கினார். அவர் யாரையும் நில், சிரி என்று சொல்லிப் படமெடுப்பவர் அல்ல. ஐயர் நெருப்புப்பெட்டியைத் தேடும் கையை எடுத்தார். மாப்பிள்ளையின் தாய் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று செருப்பைக் கழற்றிக் குதிக்காலைத் தடவுவதை எடுத்தார். விருந்தினர்களுக்கோ இது ஒன்றும் பிடிபடவில்லை.

"தங்கச்சி, அவவுக்குச் சொல்லும், எங்கட மேசையை இன்னும் எடுக்கேல்லை," என்று ஓர் அன்ரி என் கையைப் பிடித்தார். "நாங்கள் மாப்பிளையின்ரை பெரியம்மா பகுதி."

தாலி கட்டும் நேரம் வந்தபோது ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "கமெரா ரெடியோ?"

எனக்காகக் காத்திருக்க வேண்டாம், நான் எதையும் ஏற்பாடு செய்து எடுப்பதில்லை என்று ஹெலன் சொன்னதை அவருக்குச் சொன்னேன்.

"அப்பிடியோ? பேந்து எடுபடேல்லை எண்டு என்னட்டை வரப்படாது," என்றார் ஐயர்.

கெட்டிமேளம் முழங்கியது. எல்லோரும் போனை உயர்த்திக்கொண்டு மணவறையை மொய்த்தார்கள். ஹெலன் மட்டும் மணவறைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பெண்ணின் தகப்பனுடைய முகத்தை எடுத்துக்கொண்டு நின்றார். நான் மேலே பிடித்திருந்த ஒலிவாங்கியில் அட்சதை மழையாகப் பொழிந்தது. எவ்வளவு பெரிய கலைஞர் என்று எனக்கு மெய்சிலிர்த்தது.

சாப்பாட்டுப் பந்தி தொடங்கியதும், மண்டபத்தின் பின்பக்கம் இருந்த மணமகள் அறையில் அங்கிளை ஒரு கதிரையில் இருத்தினோம். அவருடைய மனைவியும் வந்து கதவோரம் நின்றார். இப்போதைய கல்யாண வீடியோக்களில் தாய் தகப்பன் இரண்டு வார்த்தை பேசுவது வழக்கம்தானே, அங்கிள் சால்வையைச் சரிபண்ணிக்கொண்டு தயாரானார். ஹெலன் தான் இத்தனை தூரம் வந்து கேட்க நினைத்த கேள்வியைக் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"அங்கிள், அண்டைக்கு எயார்போட்டிலை வந்து நிண்டனீங்கள் எல்லோ? அப்ப உங்கட எதிர்காலத்தைப் பற்றி என்ன நினைச்சனீங்கள்?"

அவர் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. மகளை வாழ்த்தச் சொல்லிக் கேட்போம் என்று நினைத்திருப்பார். ஆனாலும் எங்கள் ஆட்களில் ஒருநாள் ஏதோ ஒரு எயார்போட்டில் நிற்காதவர் யார்?

"எதிர்காலமோ?" என்று சிரித்தார். "நான் சப்பாத்தைப் பற்றித்தான் பிள்ளை நினைச்சனான். என்னைக் களவா அனுப்பின ஏஜென்சிக்காரன் தந்த சப்பாத்து. என்ரை காலுக்குச் சரியான பெரிசு. நடக்கேக்கை கழண்டா, உது உன்ரை சப்பாத்தில்லை, பாஸ்போட்டும் உன்ரையில்லை எண்டு பிடிச்சிடுவாங்கள் எண்டு பயம். காலை இழுத்து இழுத்துப் போனன். ஒபிசர் கால் நோவோ எண்டு கேட்டான். ஓம் எண்டன். ஒரு கதிரை கொண்டுவந்து தந்தான்."

நிறுத்தினார். ஹெலன் ஒன்றும் பேசவில்லை.

"இந்த நாட்டிலை எனக்கு முதல் கிடைச்ச மரியாதை அந்தக் கதிரைதான்," என்றார் அங்கிள். "அதுவும் பொய்க்குக் கிடைச்சது."

மறுபடி அமைதி. குனிந்து தன் கால்களைப் பார்த்தார். "அதுக்குப் பிறகு நான் பெரிய சப்பாத்து வாங்கினதில்லை. இறுக்கமாத்தான் வாங்குவன்."

"ஐயோ, இதுக்கோ?" கதவடியில் நின்ற அன்ரி வாயில் கை வைத்தார். "கால் வீங்கினாலும் கழட்டமாட்டார் பிள்ளை. இவ்வளவு காலத்திலை எனக்கு இதைச் சொல்லேல்லை!" சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை, சேலைத் தலைப்பு முகத்தை மறைத்துவிட்டது.

ஹெலன் என் பக்கம் சாய்ந்து, "அற்புதம். ஆனால் சப்பாத்தை எனக்கு ஞாபகம் இல்லையே. கோட்டைப் பற்றிக் கேள்," என்றார்.

"அங்கிள், அந்தக் கோட்?"

"எந்தக் கோட்?"

"லண்டன் எயார்போட்டிலை போட்டுக்கொண்டு நிண்டது."

"லண்டனோ?" அங்கிள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நான் இறங்கினது மொன்றியலிலை. லண்டனுக்கு நான் இண்டைக்கு வரைக்கும் போனதில்லை பிள்ளை."

பையிலிருந்த போனை எடுத்தேன். ஒலிப்பதிவு கெடக்கூடாது என்று சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தேன். குணம் அங்கிள் எத்தனை தடவை அழைத்திருந்தார் என்பதை எண்ணத் துணிவில்லை. கையில் இருக்கும்போதே மறுபடி அதிர்ந்தது.

"பிள்ளை, எங்கை நிக்கிறியள்? இஞ்சை தாலியும் கட்டியாச்சு!"

"நாங்களும் தாலி கட்டேக்கை நிண்டனாங்கள் அங்கிள்."

"எங்கை நிண்டனீங்கள்?"

"பிறம்ரனிலை."

"பிறம்ரனிலை ஆருக்குக் கலியாணம்?"

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு, முன்னால் இருந்தவரிடம் காலையிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "அங்கிள், உங்கட பேர் என்ன?"

"யோகராசா," என்றார் அவர். "ஏன்?"

ஹெலனை வெளியே நடைபாதைக்கு அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒன்றுமே சொல்லாமல் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. அழைப்பிதழை வீட்டில் மறந்ததைச் சொன்னேன். இன்னும் பார்த்தார். பிறம்ரனில் அந்தப் பக்கம் நான் அதற்கு முன் வந்ததே இல்லை என்பதைச் சொன்னேன். இன்னும் பார்த்தார். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது 'வனவிலங்கு ஆவணப்படம்' என்று எழுதியது எங்கள் வீட்டுக் குப்பைத் தொட்டி ரக்கூன் என்பதையும் சொல்லிவிட்டேன்.

"தெரியும். இணையத்தில் பார்த்தேன்," என்றார். "ரக்கூன் நன்றாகச் செய்திருக்கிறது."

அந்த நேரம் பார்த்துக் கறுப்புச் சட்டை போட்ட இரண்டு பொடியள் முக்காலிகளைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தார்கள். நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ரயர் வெடித்து நின்ற உண்மையான வீடியோக்காரர். எங்கள் பின்னால் வந்த யோகராசா அங்கிள் அவர்களையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். நான் இரண்டு கைகளையும் கூப்பி நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப நீங்கள் வீடியோக்காரர் இல்லையோ?"

"இல்லை அங்கிள்."

"தாலி கட்டு உங்களிட்டை மட்டும்தான் இருக்கோ?"

தாலி கட்டு எங்களிடமும் இல்லை, உங்கள் முகம்தான் இருக்கிறது என்று அந்த நிலைமையில் எந்த மனிதரிடம் சொல்ல முடியும்? எடுத்த எல்லாவற்றையும் அனுப்பி வைப்பதாக ஹெலன் வாக்குக் கொடுத்தார். பிறகு, சப்பாத்துக் கதையைத் தன் படத்தில் சேர்க்க அனுமதி கேட்டார்.

அங்கிள் மனைவியைப் பார்த்தார். அன்ரி தலையாட்டினார். "எடுங்கோ. ஆனா சாப்பிடாமல் போகேலாது," என்றார் அங்கிள்.

"அங்கிள், மார்க்கத்திலை காத்துக்கொண்டு நிக்கினம்!"

"கலியாணவீட்டுக்கு வந்திட்டுக் கை நனைக்காமல் போறதோ? உதென்ன கதை?"

உலகத்தின் எத்தனையோ சோதனைச் சாவடிகளைப் பேசிக் கடந்த ஹெலனால் அந்தப் பந்தியைக் கடக்க முடியவில்லை. வாழையிலைக்கு முன்னால் இருத்திவிட்டார்கள். ஒரு பக்கம் போன் நடுங்குகிறது, மறுபக்கம் அன்ரி சோறு போடுகிறார். பாயாசத்தை நான் நின்றபடி குடித்தேன்.

மார்க்கம் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கார் தரிப்பிடம் வெறிச்சோடிக் கிடந்தது. உள்ளே வேலையாட்கள் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் சிந்திய பூக்களைக் கூட்டினார். பெண்ணும் மாப்பிள்ளையும் போய்விட்டார்கள். வெறும் மண்டபத்தின் நடுவில், பட்டு வேட்டியோடு, எங்களுக்கென்று கட்டிவைத்த சாப்பாட்டுப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் தனியே இருந்தார்.

முதலில் என்னைத்தான் பார்த்தார். "நீர் ஆரின்ரை மகள்?"

தமிழில் இதைவிடப் பயங்கரமான கேள்வி கிடையாது. சொன்னேன். (வீடு போய்ச் சேர முன்னமே அம்மாவுக்கு முழுக் கதையும் தெரிந்திருந்தது.)

ஹெலனைப் பார்த்ததும் அவர் எழுந்தார். இருவரும் கைகளைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார்கள். ஹெலன் கமெராவை ஒரு மேசையில் வைத்து ஓடவிட்டார். மேளம் இல்லை, கூட்டம் இல்லை. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமான ஒலியை நான் பதிவு செய்ததில்லை. ஹெலன் கேள்வி கேட்க வாயெடுக்க, குணம் அங்கிள் முந்திக்கொண்டார். இத்தனை வருடமும் தானும் ஒரு கேள்வியை வைத்திருந்ததாக ஆங்கிலத்தில் சொன்னார்.

"அன்று அவ்வளவு பெரிய எயார்போட்டில் நாங்கள் இருந்த மூலைக்கு எப்படி வந்தீர்கள்? எங்களைத் தேடி ஒருவரும் வரவில்லை. நீங்கள் மட்டும் ஏன் வந்தீர்கள்?"

கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். ஹெலனும் பேசாமல் இருந்தார். அப்படியே நேரம் போனது. கடைசியில் தோற்றது ஹெலன்தான்.

"உங்களைத் தேடி வரவில்லை," என்றார். "ஒரு பாட்டுக்காரர் வந்து இறங்குகிறார், நாலு வார்த்தை வாங்கிக்கொண்டு வா என்று அனுப்பினார்கள். நான் யாரையும் கேட்காமல் நடந்தேன். வாசல் மாறிவிட்டது. திரும்பப் போக நினைத்தபோது நீங்கள் நின்றீர்கள். இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை."

குணம் அங்கிள் முதலில் மெல்லச் சிரித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஹெலன் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் குறையாகச் சொன்னதில்லை.

படம் அந்த வெறும் மண்டபத்தோடுதான் முடிகிறது. நடுவில் யோகராசா அங்கிளும் வருகிறார். ஹெலன் ஓய்வு பெற்றுவிட்டார், நான் இப்போது உண்மையாகவே ஆவணப்படங்கள் எடுக்கிறேன். பிறம்ரன் குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்தபடி வீடியோ போனது. தாலி கட்டே இல்லாத கல்யாண வீடியோ. கெட்டிமேளம் கேட்கிறது, திரை முழுக்கத் தகப்பன் கண்ணீரை அடக்கக் கண்ணை வெட்டி வெட்டி நிற்கிறார். அன்ரி என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. அபிநயா மட்டும் (ஆம், அபிநயாதான்) அந்த இடத்தை அடிக்கடி போட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள்.

ஆனால் எங்கள் வீட்டில் எஞ்சியது ஒரு சொல். நம்பிக்கையோடு ஒரு பிழையைச் செய்வதற்கு எங்கள் வீட்டில் 'பிறம்ரனுக்குப் போறது' என்று பெயர். தம்பி சோதனையில் வேறு கேள்விக்கு விடை எழுதிவிட்டு வந்தபோது "அம்மா, பிறம்ரனுக்குப் போயிட்டன்" என்றான். சீனி என்று நினைத்து அம்மா தேத்தண்ணியில் உப்புப் போட்டாலும் அதே பிறம்ரன்தான்.

பிறகு எனக்குக் கல்யாணம் பேசி வந்தது. மாப்பிள்ளை வீடு பிறம்ரன். நாங்கள் முதல்முறையாகப் போனோம். அம்மா பலகாரத் தட்டோடு முன்னால் நடந்து, கதவைத் திறந்த பெண்மணியைக் கட்டிப்பிடித்து, "சம்பந்தி!" என்று தட்டைக் கையில் கொடுத்தார். அவர் பக்கத்து வீட்டு அன்ரி. வடைக்கு உதவ வந்தவர்.

"அம்மா பிறம்ரனுக்குப் போயிட்டா," என்றான் தம்பி, கொஞ்சம் சத்தமாக.

உள்ளேயிருந்து வந்த உண்மையான சம்பந்தி, மாப்பிள்ளையின் தாய், குழம்பிப்போய் நின்றார். "ஏன் தம்பி, எல்லாரும் பிறம்ரனிலைதானே நிக்கிறம்?"

வேறு வழியில்லை. வடையைக் கையில் பிடித்துக்கொண்டு நான் இந்தக் கதை முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று. மாமி ஒரு சொல்லும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்த பிறகும் பேசவில்லை. கடைசியில் தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப பிள்ளை, இண்டைக்கு எங்கட வீட்டுக்கு விசாரிச்சுத்தான் வந்தனீரோ?"